சாக்ரடீஸ் வீட்டு அம்மா

அக்டோபர் 27, திங்கள்

தோன்றியதைத் தோன்றிய இடத்திலேயே சொல்லிவிடுகிறவளுக்கு நாட்குறிப்பு எதற்கு? எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது. இப்போது வேறு வழியில்லாமல் எழுதுகிறேன். டாக்டர் அம்மா வாய்க்குப் பூட்டு போட்டு அனுப்பியிருக்கிறார்.

சனிக்கிழமை மதுரையில் என் குரல்நாணிலிருந்து ஒரு கட்டியை எடுத்தார்கள். மிளகு அளவுதானாம். வார நாளில் வகுப்பில் தமிழ், சனி ஞாயிறில் மேடையில் பட்டிமன்றம் என்று இருபது வருஷத்துக்கு மேல் கத்திய தொண்டை. மிளகோடு சுக்கும் திப்பிலியும் சேர்ந்து விளையாமல் போனதே அதிசயம். மூன்று வாரத்துக்கு ஒரு வார்த்தை கூடாது. கிசுகிசுக்கவும் கூடாதாம், அது பேசுவதைவிடக் கெடுதலாம். எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். எல்லாருக்கும் அனுப்புவதுதான் என்றார்கள்.

"குரல் பழையபடி வந்துருமாங்க?" என்று எனக்காக என் வீட்டுக்காரர் கேட்டார். "பாப்போம்" என்றார் டாக்டர். பார்ப்போம் என்பது ஒரு பதிலா? மேடையில் எவராவது என்னிடம் அப்படிச் சொல்லியிருந்தால் அவரைத் தோரணம் கட்டித் தொங்கவிட்டிருப்பேன்.

வீட்டுக்காரர் பெயர் தவசிலிங்கம். விருதுநகர் கடைவீதியில் பைப்பும் குழாயும் விற்கிறார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு சிலேட்டும் ஒரு பெட்டி சிலேட்டுக்குச்சியும் வாங்கி என் கையில் கொடுத்தார். ஐம்பத்தோரு வயதில் மறுபடி ஒன்றாம் வகுப்பு.

அக்டோபர் 29, புதன்

எதிர்வீட்டு ராசம்மாக்கா பார்க்க வந்தார். "வடிவு, நல்லாருக்கியா?" என்று தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி கத்தினார். பேச முடியாதவளுக்குக் காதும் கேட்காது என்று யாரோ இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சிலேட்டில் "காது கேட்கும்" என்று எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு, "சரி சரி" என்று அதைவிடச் சத்தமாகக் கத்தினார்.

சாயங்காலம் பேராசிரியர் சீனிவாசகம் என் வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டார். நாங்கள் பேசும் பட்டிமன்றத்துக்கு அவர்தான் நடுவர். நவம்பர் முப்பதாம் தேதி வாசகர் மன்ற ஆண்டு விழா. தலைப்பு: சாக்ரடீஸ் சிறையிலிருந்து தப்பி ஓடியிருக்க வேண்டுமா, வேண்டாமா? "டீச்சருக்கு 'வேணும்' அணி. அதுக்குள்ள குரல் சரியாயிரும்ல?" என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

சாக்ரடீஸைப் பற்றி எனக்குத் தெரிந்தது இரண்டு விஷயம். விஷம் குடித்தார். பெண்டாட்டி சாந்திப்பி ராட்சசி. அவள் திட்டித் தீர்த்துவிட்டு ஒரு குடம் தண்ணீரைத் தலையில் கொட்ட, "இடி இடித்தால் மழை வரும் என்று எனக்குத் தெரியும்" என்றாராம் அவர். இந்த ஒரு ஜோக்கை வைத்து நான் ஏறாத மேடை இல்லை. சொல்லி முடித்ததும், "எங்க வீட்டுல இடியும் நான்தான், மழையும் நான்தான். நனையிறதுக்குன்னே ஒருத்தர் முன்வரிசையில உக்காந்திருக்கார் பாருங்க" என்பேன். இவர் எழுந்து எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உட்காருவார். கைதட்டல் கூரையைப் பிய்க்கும்.

அக்டோபர் 31, வெள்ளி

பள்ளி நூலகத்திலிருந்து புத்தகம் வந்தது. கிரேக்க ஞானிகளைப் பற்றித் தமிழில் யாரோ எழுதியது. அட்டையும் முதல் பக்கங்களும் போய்விட்டதால் யார் என்று தெரியவில்லை.

கண்ணால் மட்டும் படித்தால் எனக்கு எதுவும் ஏறாது. சின்ன வயதிலிருந்தே வாய்விட்டுப் படித்துப் பழகியவள். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மூடி வைத்தேன். மத்தியானம் சாப்பிட வந்தவர் கவனித்துவிட்டார். "நான் வேணா வாசிக்கட்டுமா? மழைக்காலம், கடையில ஈ ஓட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

விலைப்பட்டியல் வாசிப்பது போல் வாசித்தார். "அனாக்சி... மாண்டர். இது என்ன, வால்வு கம்பெனி பேரு மாதிரி இருக்கு."

நவம்பர் 2, ஞாயிறு

தேலீஸ் என்று ஒருவர். இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கும் முந்தியவர், கடலோரத்து ஊர்க்காரர். இந்த உலகம் எதனால் ஆனது என்று கேட்டு, எல்லாம் தண்ணீர்தான் என்றாராம். வாசித்த இவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. "நம்ம ஆளு" என்று தொடையில் தட்டிக்கொண்டார். "இதைத்தானே நான் கடையில தெனமும் சொல்றேன். தண்ணி இல்லேன்னா ஒண்ணும் இல்ல. விருதுநகர்க்காரனுக்கு இதச் சொல்ல கிரேக்கத்துலருந்து ஆள் வரணுமாக்கும்."

சிரித்துவிட்டேன். சத்தம் வராமல் சிரிப்பது கஷ்டம், வயிறு வலிக்கிறது.

பதில் தப்புதான். ஆனால் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அந்தக் கேள்வி திரும்ப வந்தது. சாமி படைத்தது என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கையில், ஒரு மனிதன் கடற்கரையில் நின்று, அது சரி, இதெல்லாம் எதால் ஆனது என்று கேட்டிருக்கிறான். கையில் ஒரு கருவி கிடையாது. யாரும் அவனைக் கேட்கச் சொல்லவும் இல்லை. கத்திரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். இது எதால் ஆனது? குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

நவம்பர் 4, செவ்வாய்

பித்தகோரஸிடம் சீடனாகச் சேர்ந்தால் முதல் ஐந்து வருஷம் வாயைத் திறக்கக் கூடாதாம். கேட்க மட்டும்தான் செய்யலாமாம். வாசித்துவிட்டு இவர் புத்தகத்துக்கு மேலாக என்னைப் பார்த்தார். சொல்லாமலே சொல்லுகிற ஆள் இவர்.

சிலேட்டில் எழுதினேன்: "கொழுப்பு."

நவம்பர் 6, வியாழன்

ஒரே ஆற்றில் இரண்டு தடவை இறங்க முடியாது என்று ஹெராக்ளிட்டஸ் சொன்னதாக எல்லாருக்கும் தெரியும். அவர் வழி வந்த கிராட்டிலஸ் என்பவரை எனக்குத் தெரியாது. ஒரு தடவைகூட இறங்க முடியாது என்றாராம் அந்த மனிதர். எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும்போது எதைப் பற்றி எதைச் சொல்வது, சொல்லி முடிப்பதற்குள் அது வேறாகிவிடுமே என்று கடைசியில் பேசுவதையே விட்டுவிட்டார். விரலை மட்டும் அசைப்பாராம்.

இதை வாசிக்கும்போது நான் சமையலறை வாசலில் நின்று, ரசத்துக்குப் பெருங்காயம் எடுத்துத் தரச் சொல்லி அலமாரியைப் பார்த்து விரலை ஆட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தவர் சிரிக்க ஆரம்பித்தார். புத்தகம் மடியிலிருந்து நழுவிவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்து, துண்டால் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

இவர் இப்படிச் சிரிப்பார் என்று எனக்கு ஞாபகமே இல்லை. மேடையில் என் பேச்சுக்கு ஊரே சிரிக்கும்போது இவரும் சிரிப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். நான் நின்ற இடத்திலிருந்து முன்வரிசை சரியாகத் தெரியாது, விளக்கு கண்ணில் அடிக்கும்.

நவம்பர் 8, சனி

ஏழு மணிக்குக் கரண்ட் போனது. மழை விட்டு வானம் கழுவி வைத்த மாதிரி இருந்ததால் மொட்டைமாடிக்குப் போனோம். இன்று மத்தியானம்தான் டெமாக்ரிட்டஸ் வாசித்திருந்தோம். கண்ணுக்குத் தெரியாத, பிளக்க முடியாத துணுக்குகளும் வெறுவெளியும்தான் உலகம் என்றவர். வானத்தில் மங்கலாக வெளுத்துக் கிடக்கும் அந்தப் பால்வீதிப் பட்டை, நம் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாதபடி நெருங்கிக் கிடக்கும் நட்சத்திரங்களின் வெளிச்சம் என்றும் சொன்னாராம். தொலைநோக்கி வர இன்னும் இரண்டாயிரம் வருஷம் இருந்தது.

இவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "எப்படி வடிவு கண்டுபிடிச்சான்?"

இருட்டில் சிலேட் தெரியாது. அவர் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் விரலால் எழுதினேன். யோசிச்சு.

"யோசிச்சேவா" என்றார். கையை அப்படியே விரித்து வைத்திருந்தார், எழுதியது கொட்டிவிடும் என்பது போல. எத்தனை மேடையில் "வானளாவிய" என்ற சொல்லைப் போட்டிருப்பேன். வானத்தை இன்றுதான் பார்த்தேன்.

நவம்பர் 10, திங்கள்

இட்லிக்கு மாவு அரைத்தேன். தலைப்புக்குக் குறிப்பு எடுக்க உட்கார்ந்தேன். சாக்ரடீஸ் ஏன் ஓடியிருக்க வேண்டும் என்பதற்குச் சரமாரியாக வந்தது. மூன்று ஜோக், ஒரு குட்டிக்கதை, முடிவில் ஒரு உருக்கம்.

இவர் எட்டிப் பார்த்தார். "உனக்கு எது சரின்னு படுது?"

"எனக்குக் கொடுத்தது 'ஓடணும்' அணி" என்று எழுதினேன்.

"அது தெரியும். உனக்கு எது சரின்னு படுது?"

சிலேட்டை அழித்துவிட்டுக் குச்சியை வைத்தேன். இத்தனை வருஷத்தில் ஒரு நடுவர்கூட என்னிடம் இதைக் கேட்டதில்லை. கேட்கவும் மாட்டார்கள், பட்டிமன்றத்தில் அது வழக்கமில்லை. போனில் சொல்லுவார்கள், நீங்கள் அந்தப் பக்கம், இவர் இந்தப் பக்கம் என்று. நாங்களும் அந்தப் பக்கத்துக்கு உயிரையே விடுவோம். அடுத்த வாரம் வேறு ஊரில் எதிர்ப் பக்கத்துக்கு.

ஏதென்ஸிலும் இப்படி ஆட்கள் இருந்தார்களாம். எந்தப் பக்கத்துக்கும் பேசக் கற்றுக்கொடுத்தவர்கள். சாக்ரடீஸ் அவர்களைப் பிடித்து வைத்துக் கேள்வி கேட்பார். நல்லவேளை நான் அப்போது பிறக்கவில்லை என்று நினைத்தேன். பைப் கடையில் ஒருத்தர் உட்கார்ந்திருப்பது எனக்கு எப்படித் தெரியும்.

நவம்பர் 11, செவ்வாய்

சாக்ரடீஸ் வழக்கு. இளைஞர்களைக் கெடுத்தார், ஊர்ச் சாமியை மதிக்கவில்லை என்று குற்றச்சாட்டு. நீதிமன்றத்தில் எழுந்து அவர் சொல்கிறார்: இனிமேல் இப்படிக் கேள்வி கேட்டுப் பேசித் திரிய மாட்டேன் என்று ஒப்புக்கொண்டால் விட்டுவிடுகிறோம் என்று நீங்கள் சொன்னாலும், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மூச்சு இருக்கும் வரை பேசுவேன்.

வாசிக்கிறவர் விலைப்பட்டியல் குரலில்தான் வாசித்தார். ஆனாலும் நான் எழுந்து நின்றுவிட்டேன். ஆளடா இவன் என்று கத்த வேண்டும் போல் இருந்தது. தொண்டை தானாகத் திறந்தது. கையால் பொத்திக்கொண்டேன்.

நவம்பர் 13, வியாழன்

காலையில் உளுந்து களைந்துகொண்டிருந்தேன். பின்கட்டில் துவைக்கிற கல் பக்கம் இவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். மறுமுனையில் எங்கள் மகள் எழில், ஓசூரிலிருந்து.

"மொத ரிப்போர்ட்டு தெளிவா இல்லையாம்மா. சென்னைக்கு அனுப்பியிருக்காங்களாம், இன்னொரு டாக்டர் பாக்கணும்னு. திங்கக்கெழம தெரிஞ்சிரும்... இல்ல, அம்மாட்ட சொல்லிக்கிடல. நீயும் சொல்லாத. அவ ஏதோ சந்தோசமா இருக்கா இப்ப."

ராசம்மாக்காவைச் சொல்லி என்ன பயன். என் வீட்டிலேயும் நான் பேசாததால் காது கேட்காது என்று நினைத்துவிட்டார்கள்.

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், போதும். உளுந்தை ஊறப் போட்டேன்.

மத்தியானம் வந்து புத்தகத்தை எடுத்தார். சாக்ரடீஸின் கடைசி நாள் அத்தியாயம் வர வேண்டும். "இந்த எடம் கரையான் அரிச்சிருக்கு. பிளேட்டோவுக்குப் போயிருவோமா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். குரல் கொஞ்சம்கூட நடுங்காமல் வாசித்தார். இவரும் நல்ல பேச்சாளர்தான்.

நவம்பர் 14, வெள்ளி

இவர் கடைக்குப் போனதும் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஒரு கரையானும் இல்லை.

எனக்கு ஏறாவிட்டாலும் பரவாயில்லை என்று கண்ணாலேயே படித்தேன். விஷம் குடிக்கும் நாள். காலையிலேயே நண்பர்கள் சிறைக்கு வந்துவிடுகிறார்கள். செத்த பிறகு உயிர் இருக்குமா என்று பேச்சு போகிறது. சாகப் போகிறவரிடம் போய் அது இருக்காது என்று எப்படி வாதாடுவது என்று நண்பர்கள் தயங்குகிறார்கள். அவர் விடவில்லை. என்னைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், உண்மையைப் பற்றிக் கவலைப்படுங்கள், நான் சொல்வது தப்பு என்று பட்டால் எதிர்த்துப் பேசுங்கள் என்கிறார். சூரியன் மறைந்ததும் சாகப் போகிறவர், அதுவரை தன் பக்கத்தில் ஓட்டை இருக்கிறதா என்று தேடுகிறார். நான் என் வாழ்நாளில் எதிரணியிடம் இப்படிச் சொன்னதில்லை. இப்படி ஒருவன் இருந்தான் என்பதை எங்கே வைத்துக்கொள்வது என்றே எனக்குத் தெரியவில்லை.

அதற்கு முன்னால் ஒரு நாலு வரி இருந்தது.

நண்பர்கள் உள்ளே வந்தபோது சாந்திப்பி அங்கே இருக்கிறாள். பிள்ளையை வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். நண்பர்களைப் பார்த்ததும் வெடித்து அழுகிறாள். உங்கள் நண்பர்கள் உங்களோடு பேசுவதும் நீங்கள் அவர்களோடு பேசுவதும் இதுதான் கடைசித் தடவை என்று சொல்லி அழுகிறாள். யாராவது இவளை வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்கிறார் அவர். கூட்டிப் போய்விடுகிறார்கள்.

அவ்வளவுதான். ராட்சசி அந்த நாலு வரியில் இல்லை.

புத்தகத்தை அந்தப் பக்கத்திலேயே திறந்து, கவிழ்த்து, இவர் உட்காரும் நாற்காலியில் வைத்தேன். மத்தியானம் வந்தார், எடுத்தார், பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் அப்பளம் பொரிக்கப் போய்விட்டேன். அங்கிருந்தே கேட்டேன். முதலிலிருந்து வாசித்தார். சாந்திப்பி வந்த இடத்தில் நிறுத்தி, மறுபடி ஒரு தடவை வாசித்தார். விலைப்பட்டியல் குரல் இல்லை.

சென்னைக்குப் போன சதையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் எழுதவில்லை.

நவம்பர் 17, திங்கள்

மதுரை. புற்று இல்லை.

ஆனால் செல்கள் மாற ஆரம்பித்திருக்கின்றனவாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை உள்ளே குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். இன்றிலிருந்து தினமும் அஞ்சு நிமிஷம் மெதுவாகப் பேசலாம், போகப் போகக் கூட்டலாம். வகுப்பில் ஒலிபெருக்கி மாட்டிக்கொண்டு தாழ்ந்த குரலில் பாடம் நடத்தலாம்.

"மேடை?" என்று எழுதினேன்.

"வேண்டாம் டீச்சர். அந்த மாதிரி ஏத்தி இறக்கிப் பேசினீங்கன்னா நாண் தழும்பாகிடும், இருக்கிற குரலும் போயிடும். திரும்ப அங்க வளர்ந்தா அடுத்தது கதிர்வீச்சு மாதிரி வேற வைத்தியம்தான். பேச்சைக் கொறைச்சா நல்லா இருக்கலாம்."

பேச்சை நிறுத்தினால் உயிரோடு விடுகிறோம். இதை நான் போன வாரம்தான் கேட்டேன்.

முதல் வார்த்தைக்கு நான் ஏதேதோ யோசித்து வைத்திருந்தேன். டாக்டர் "ஆ" சொல்லச் சொன்னார். தென்னமட்டையைத் தரையில் இழுத்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. யாருடைய குரல் அது? பஸ் திருமங்கலம் தாண்டும் வரை ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். இவர் டிக்கெட்டை விரலில் சுருட்டிக்கொண்டே வந்தார். அஞ்சு நிமிஷத்தில் ஒன்றைக்கூட நான் செலவழிக்கவில்லை.

நவம்பர் 20, வியாழன்

சிலேட்டில் எழுதினேன்: "30ஆம் தேதி பேசப் போகிறேன். முழுசா."

மூச்சு இருக்கும் வரை பேசுவேன் என்றவரைக் கேட்டு எழுந்து நின்றவள், டாக்டர் சொன்னதும் உட்கார்ந்துகொள்வதா? கடைசித் தடவையாகவே இருக்கட்டும். பதினைந்து நிமிஷம்.

சண்டை போடுவார் என்று எதிர்பார்த்து, பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். இவர் படித்தார். "உனக்கு எது சரின்னு படுதோ" என்றார். ஈரத்துணியை எடுத்து சிலேட்டைத் துடைத்து என் பக்கத்தில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனார். அந்தப் பதில்கள் எல்லாம் வீணாகப் போயின.

நவம்பர் 24, திங்கள்

பேச்சு தயார். மூன்று ஜோக். சாந்திப்பி ஜோக்கை எடுத்துவிட்டேன். நேரம் பற்றாது என்பதால்தான்.

நவம்பர் 28, வெள்ளி

கதவைச் சாத்திக்கொண்டு தினம் அஞ்சு நிமிஷம் தாழ்ந்த குரலில் பயிற்சி. இவர் வெளியே நடந்துகொண்டிருப்பது கேட்கிறது. நடப்பார், நிற்பார், நடப்பார்.

நவம்பர் 30, ஞாயிறு

எழுதிவிட்டுத்தான் தூங்க முடியும்.

கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. குரல் போய்த் திரும்பியவள் எப்படிப் பேசுகிறாள் என்று பார்க்கவே பாதிப் பேர் வந்திருப்பார்கள். இவர் வழக்கம் போல் முன்வரிசை. வெள்ளைச் சட்டை, மடியில் வெந்நீர் பிளாஸ்க்.

எனக்கு முன்னால் எதிரணியில் பரஞ்சோதி பேசினார். வங்கி மேலாளர், என் ஜோக்குகளைக் கைமாற்று வாங்குகிறவர், திருப்பித் தரும் பழக்கம் இல்லாதவர். "சாக்ரடீஸ் ஏன் ஓடலை தெரியுமா? ஓடினா எங்க போகணும்? வீட்டுக்குத்தானே. அங்க சாந்திப்பி இருக்கா. அதுக்கு விஷமே தேவலைன்னு குடிச்சிட்டார்" என்றார். மண்டபம் குலுங்கியது. அப்புறம் இடி, மழை, குடம். "நம்ம வடிவு டீச்சர் சொல்ற மாதிரி, நனையிறதுக்குன்னே ஒருத்தர் முன்வரிசையில இருக்கார் பாருங்க."

எல்லாத் தலையும் திரும்பியது. இவர் எழுந்தார். கும்பிட்டார். கைதட்டினார்கள். தட்டி முடித்தார்கள். இவர் உட்காரவில்லை.

"ஒரு சின்ன சந்தேகம்ங்க" என்றார்.

முன்வரிசைக்கு மைக் கிடையாது. நடுவர் சீனிவாசகம் கையைக் காதில் வைத்துக் குனிந்தார். "சொல்லுங்க."

"அந்தம்மா கடைசி நாள்ல ஜெயிலுக்குப் போச்சுங்க. பிள்ளையத் தூக்கிக்கிட்டு. அங்க என்ன சொல்லி அழுதுச்சுன்னு சாருக்குத் தெரியுங்களா?"

பரஞ்சோதி சிரித்தபடியே நடுவரைப் பார்த்தார். நடுவர், "நீங்களே சொல்லிருங்க" என்றார்.

இவருக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பிளாஸ்க்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "எனக்கு இனி யாரு கஞ்சி ஊத்துவான்னு அழுகலங்க. பிள்ளைய யாரு பாப்பான்னும் கேக்கல. நீங்க உங்க சேக்காளிகளோட பேசுறது இதான் கடைசின்னு சொல்லி அழுதுச்சு. அந்த மனுசனுக்குப் பேச்சுன்னா உசிருன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு. பேச்சு நின்னு போகுதேன்னு அழுதுச்சு. அத நெனச்சா எனக்குச் சிரிப்பு வரலங்க. அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டார். நான் மேடையில் இருந்தேன். இன்றைக்குப் பார்த்து விளக்கு கண்ணில் அடிக்கவில்லை, முன்வரிசை நன்றாகவே தெரிந்தது.

அடுத்து நான். என் பெயரைச் சொன்னார்கள். மைக் வரைக்கும் நடந்தேன். பதினைந்து நிமிஷப் பேச்சு முழுதும் நாக்கு நுனியில் இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பழகிய அந்தத் தாழ்ந்த குரலில் சொன்னேன்.

"நடுவர் அவர்களே, எனக்கு 'ஓடணும்'னு அணி கொடுத்தீங்க. எது சரின்னு எனக்கே இப்பத்தான் தெரியுது. ஓடாம நின்னவரப் பாத்து நான் பிரமிச்சுப் போய் நிக்கிறேன், சாகுற வரைக்கும் நிப்பேன். ஆனா அந்தம்மா அழுதுச்சுல்ல. அதுக்காக அவர் ஓடியிருக்கலாம். பேசாம, வேற ஊர்ல, உயிரோட இருந்திருக்கலாம். எனக்கு வேற காரணம் இல்ல. இதுதான் என் கடைசி மேடை. வணக்கம்."

தென்னமட்டைக் குரல்தான். கடைசி வரிசை வரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள். நடுவர் மணியின் மேல் கையை வைத்திருந்தார், அடிக்க வேலை இருக்கவில்லை. பின்னால் யாரோ, "இம்புட்டுதானா?" என்று கேட்டது என் காதிலும் விழுந்தது.

தீர்ப்பு எதிரணிக்கு.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். தெப்பக்குளம் தாண்டியதும் இவர், "நான் அப்படி எந்திரிச்சுப் பேசியிருக்கக் கூடாதோ?" என்றார்.

அஞ்சு நிமிஷத்தில் இன்னும் மிச்சம் இருந்தது. "என்னங்க," என்றேன், "உங்களுக்கு எது சரின்னு படுது?"

நின்றுவிட்டார். என் குரலில் இப்படி ஒன்றை அவர் கேட்டதே இல்லை போலிருக்கிறது. பிறகு பேச ஆரம்பித்தார். சாக்ரடீஸில் தொடங்கி, கடையில் தொடங்கி, எங்கள் கல்யாணத்தன்று என் அப்பா ஒலிபெருக்கியில் பேசிய பேச்சில் தொடங்கி, எங்கெங்கோ போனார். எதிர்வீட்டு விளக்கு அணைந்தும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 1, திங்கள்

மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வந்தார். "பிளேட்டோ பாதியில நிக்கிறாரே" என்றார். சிலேட் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. விரலை மட்டும் அசைத்தேன், வாசியுங்கள் என்று.